பேச்சியம்மாள் மருந்தை நிறுத்தியது

பேச்சியம்மாளுக்கு அந்தப் பேரை வைத்தது குலசாமிக்காகத்தான். ஆனால் பேருக்கு வஞ்சகம் செய்யாமல் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். நாரணாபுரத்து முக்கில் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றால், அவள் ஏறிவிட்டாளா என்று டிரைவர் திரும்பிப் பார்க்க மாட்டார், காதுக்கே தெரிந்துவிடும். யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் போர்மேன் எந்தக் காலை இழுத்து நடக்கிறார், யாரைப் பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியை மட்டும் தின்றுவிட்டுப் போனார்கள் என்று, வேன் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர்க்கதை முழுவதையும் முடித்துவிடுவாள். வீட்டில் சண்டை போட்டுவிட்டு ஏறிய பெண்கள்கூட இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்குவார்கள்.

அவள் புருஷன் உக்கிரபாண்டி. அந்தப் பேரை வைத்தவர்கள் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமலே வைத்திருக்க வேண்டும். பூனை குறுக்கே வந்தால் பூனைக்கு வழிவிட்டு நிற்கிற ஆள். சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனியில், காலண்டர்களுக்குத் தலையில் தகரம் அடிக்கிற வேலை. மிஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது என்பதாலேயே அந்த வேலை அவனுக்குப் பிடித்திருந்தது. ரேஷன் கடையில் சத்தம் போடுவது, மகள் கற்பகவல்லியின் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்ப்பது, வீட்டுக்காரரிடம் ஓடு மாற்றச் சொல்வது எல்லாம் பேச்சியின் இலாகா. கல்யாணமான புதிதில் யாரோ, "மாப்பிள்ளைக்கு வாய் வராதோ?" என்று கேட்டதற்கு, "எனக்கு இருக்கிற வாயே ரெண்டு பேருக்குக் காணும். அவுகளுக்கு எதுக்கு தனியா?" என்றாள். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை. அவனும் நிம்மதியாக இருந்துவிட்டான்.

பேச்சிக்குக் கம்பெனியில் மருந்து வேலை. வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை, குடிப்பது டானிக், குத்துவது ஊசி. "எங்கக்கா மருந்துல இருக்கா" என்று ஒருத்தி சொன்னால், ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று யாரும் பழம் வாங்கிக்கொண்டு ஓட மாட்டார்கள். பேச்சி புஸ்வாணக் கூடுகளில் மருந்து அடைப்பாள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது முழங்கை வரைக்கும் வெள்ளிப்பொடி மினுங்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், தீபாவளி சீசன் முடிந்த கையோடு அவளுக்கு அது வந்தது. என்ன வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் சாவு இல்லை, சண்டை இல்லை. ஒரு காரணம் இருந்திருந்தால் அதைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். முதலில், போர்மேன் மாதிரி நடந்து காட்டுவதை விட்டாள். பிறகு வேனில் ஜன்னல் ஓரமாகப் போய் உட்காரத் தொடங்கினாள். பிறகு சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, தலை சுற்றியது, கை நடுங்கியது. கை நடுங்குகிறவர்களை மருந்துப் பக்கம் விட மாட்டார்கள். ஒரு உரசல் போதும், ரூமோடு போய்விடும். போர்மேன் நல்ல மனுஷர். "மருந்தை நிறுத்திக்கத்தா. இனிமே வேண்டாம். உடம்பைப் பாரு" என்று சொல்லி அனுப்பிவைத்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சுவர் ஓரமாகப் படுத்தவள்தான். அப்புறம் வேன் அவளுக்காக நிற்கவில்லை.

சிவகாசியில் ஒரு டாக்டர், விருதுநகரில் ஒரு டாக்டர், மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மனச்சோர்வு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை, மாற்றினார்கள். அதற்கும் கேட்கவில்லை, கூட்டினார்கள். நாக்கு வறண்டது, உடம்பு ஊதியது, ஆள் மட்டும் திரும்பி வரவில்லை. தலையில் கரண்டு வைத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தெளிந்தது போலிருந்து, மறுபடியும் சுவரோரம் போய்விட்டாள். போதாக்குறைக்கு, அந்தக் கரண்டில் மகளுக்குச் சடங்கு வைத்த நாள் அவளுக்கு மறந்தே போயிருந்தது. இருக்கன்குடி மாரிக்கு நேர்ந்துகொண்டதும் கோடாங்கியைக் கூப்பிட்டு உடுக்கடித்ததும் தனிக்கணக்கு.

மாத்திரை விஷயத்தில் உக்கிரபாண்டி ஒரு வேளை தவறியதில்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடப்பதைக் கேட்டால் வயிறு எரியும். அவனே பிரித்து, அவனே வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, "ஆ காட்டு பேச்சி" என்று நாக்குக்கு அடியில் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவான். பூனைக்கு வழிவிடுகிற மனுஷன் அந்த ஒரு காரியத்தில் மட்டும் போலீஸ்காரனாக இருந்தான்.

ஒருநாள் மத்தியானம் அவளைக் காணவில்லை. ஆனைக்குட்டம் அணையில் முழங்காலளவு தண்ணீரில் நின்றவளை, மீன் பிடிக்கிற ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். எதற்குப் போனாய் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அன்றிலிருந்து உக்கிரபாண்டிக்கு வேறு ஆசையே கிடையாது. அவள் பேச வேண்டாம், சிரிக்க வேண்டாம், இருந்தால் போதும். பக்கத்து வீட்டு இருளம்மாள் தன் வீட்டு வேலையை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு பகல் முழுக்க அவளோடு உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் கற்பகவல்லி வந்து முறையை மாற்றிக்கொள்வாள். சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை, இரண்டு பேருக்கும்.

2008 வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருளம்மாள் சொன்னாள் என்று பேச்சி எழுந்து சோற்றுப் பானையைக் கஞ்சி வடிக்கச் சாய்த்தாள். கை நடுங்கியது. கொதிக்கிற கஞ்சி வலது தொடையிலிருந்து கெண்டைக்கால் வரைக்கும் கொட்டிவிட்டது. அதற்கும் அவள் கத்தவில்லை. தோல் உரிந்து தொங்குவதைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாளாம். இருளம்மாள்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கத்தினாள்.

சிவகாசியில் தீப்புண் பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமில்லை. கட்டுப் பிரிக்கும்போது உயிர் போகிற வலி இருக்கும் என்பதால், மயக்க டாக்டர் வருகிற நாளில் ஊசி போட்டுத்தான் பிரிப்பார்கள். அந்த மயக்க டாக்டர் காளீஸ்வரன், வத்திராயிருப்புப் பக்கத்துக்காரர். வாரத்தில் ஒருநாள் அந்த ஆஸ்பத்திரிக்கு வருவார். கெட்டமின் என்று ஒரு ஊசி. முழு மயக்கமும் இல்லை, முழிப்பும் இல்லை. கண் திறந்திருக்கும், ஆள் எங்கேயோ போயிருக்கும். பேச்சிக்குப் போட்டார்கள். புண்ணைக் கழுவிக் கட்டினார்கள். கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாமல் உளறினாள். உக்கிரபாண்டி அவள் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் அவள் கண்ணைத் திறந்து, மேலே ஃபேனைப் பார்த்து, பிறகு அவனைப் பார்த்து, "பசிக்குது. இட்லி கிடைக்குமா?" என்றாள்.

அவன் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. அந்த இரண்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து பசி என்கிற சொல் வந்ததே இல்லை. கடைக்கு ஓடினான். பாதி வழியில், சட்னியா சாம்பாரா என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நின்று, இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தான்.

மறுநாள் காலையில் பேச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மகளைக் கூப்பிட்டுத் தலை சீவிவிட்டாள். "என்னட்டி சடை இது, யாரு போட்டுவிட்டது, அய்யாவா? தகரம் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். கற்பகவல்லி சிரிக்க ஆரம்பித்து அழுகையில் போய் முடித்தாள். அடுத்த நாள் வார்டு நர்ஸ் எப்படி மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்று பேச்சி கையை வைத்தே நடித்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி, தையல் பிரிந்துவிடும் நிறுத்து என்று கெஞ்சினாள். உக்கிரபாண்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்க வேண்டியதும் இல்லை. கஞ்சி கொட்டிய அதிர்ச்சியில் புத்தி தெளிந்துவிட்டது என்று இருளம்மாள் சொன்னாள். இருக்கன்குடி மாரி கண் திறந்துவிட்டாள் என்று இன்னொருத்தி சொன்னாள். அவன் எல்லாருக்கும் தலையாட்டினான்.

நாலைந்து நாள்தான். சாயங்காலம் வெயில் இறங்குகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிப்போனாள். முதலில் நடிப்பு போனது, அப்புறம் சிரிப்பு, அப்புறம் பசி. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவன் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

மறுபடியும் மயக்க டாக்டர் வருகிற நாள் வந்தது. மறுபடியும் அந்த ஊசி, கட்டு, உளறல். மறுநாள் காலையில், "ஏங்க, தாடியைச் சிரைச்சாத்தான் என்ன? கோடாங்கியே பரவாயில்ல போலிருக்கே" என்று குரல் கேட்டபோது உக்கிரபாண்டிக்கு முதுகு சிலிர்த்தது. மாரியும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. ஊசி.

அந்த இரண்டாவது முறை தெளிந்து வந்திருந்தபோது அவள் ஒரு காரியம் செய்தாள். இது நிலைக்காது என்று அவளுக்கே தெரிந்திருந்தது போல. மகளை டீ வாங்க அனுப்பிவிட்டு அவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"நான் அங்கன போயிட்டா நீங்க பேசுறது எனக்குக் கேக்கலைன்னு நினைச்சுக்கிறீக. அம்புட்டும் கேக்கும். பதிலும் வாய் வரைக்கும் வரும். ஆனா வாயைத் தொறக்கிறது ஒரு மூட்டை தூக்குற மாதிரி இருக்கும். சரி, பெறகு சொல்லிக்கிடுவோம்னு விட்டுருவேன்."

"சரி" என்றான்.

"அன்னைக்கு ஆனைக்குட்டத்துக்கு எதுக்குப் போனேன்னு கேட்டீகள்ல. சாகணும்னு ரோசனையெல்லாம் இல்ல. இருக்கணும்ங்கிற ரோசனையும் இல்ல. அதான் எனக்கே பயமா இருக்கு. மறுபடியும் என்னைய அங்கன விட்டுறாதீக."

"விட மாட்டேன்" என்றான். அவ்வளவு பெரிய வாக்குறுதியை அவன் வாழ்க்கையில் யாருக்கும் கொடுத்ததில்லை. எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாமலே கொடுத்துவிட்டான்.

அடுத்தடுத்த வாரங்களில் அவனுக்கு ஒரு கெட்ட ஆசை வந்தது. கட்டுப் பிரிக்கும்போது எட்டிப் பார்ப்பான். சிவப்பாக இருந்த இடத்தில் புதுத்தோல் ஓரத்திலிருந்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. நர்ஸ் சந்தோஷமாக, "நல்லா ஆறிக்கிட்டு வருது" என்பார். அவனோ, இன்னும் கொஞ்சம் ஆறாமல் இருந்தால் என்ன என்று நினைப்பான். உடனே, கட்டின பெண்டாட்டியின் புண் ஆறக் கூடாது என்று நினைக்கிற நீயெல்லாம் மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொள்வான். கடைசி முறை டாக்டர் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இனிமே ஊசி தேவையில்லை. சாதாரணமாவே கட்டுப் போட்டுக்கலாம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்றார். பக்கத்துக் கட்டில்காரி கையெடுத்துக் கும்பிட்டாள். பேச்சியும் உக்கிரபாண்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு அவன் வராந்தாவில் காளீஸ்வரன் டாக்டருக்காகக் காத்திருந்தான். பேச வேண்டியதை ஐந்தாறு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். டாக்டர் வந்ததும் பாதி மறந்துவிட்டது. "ஐயா, அந்த ஊசி... போட்டா பேசுறா ஐயா. புண்ணு இல்லாட்டியும் போடுவீகளா?" என்று மட்டும் கேட்டான்.

நல்ல வேளையாக டாக்டர் சிரிக்கவில்லை. உட்கார வைத்து முதலிலிருந்து கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்.

"நீங்க கவனிச்சது சரிதான். அமெரிக்காவுல எந்த மாத்திரைக்கும் கேக்காத மனச்சோர்வுக்கு இதைக் கொடுத்துப் பார்க்கிறாங்க. படிச்சிருக்கேன். சிலருக்குச் சில மணி நேரத்துலயே தெளியுதாம். ஆனா நிக்க மாட்டேங்குது, உங்க வீட்டுல நடந்த மாதிரியேதான். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு."

"நீங்க போடலாமா ஐயா?"

"நான் மயக்க டாக்டர். ஆபரேஷனுக்கும் கட்டுக்கும் போட எனக்கு உரிமை இருக்கு. மனசு சரியில்லைன்னு போட இல்லை. எத்தனை தடவை போடலாம், மூளைக்கு என்ன ஆகும், ஈரலுக்கு என்ன ஆகும், எனக்கே தெரியாது. போட்டு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்த ஆஸ்பத்திரியை மூடணும்." அவன் முகத்தைப் பார்த்தவர் உடனே, "இருங்க. மதுரையில எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரிய டாக்டர் இதைச் செய்து பார்க்க அனுமதி வாங்கி வச்சிருக்கார். மாத்திரையெல்லாம் ஒழுங்காச் சாப்பிட்டும் கேக்காதவங்களுக்கு மட்டும். உங்க வீட்டம்மா கணக்குக்கு அப்படியே பொருந்துவாங்க. நான் பேசறேன்" என்றார்.

மதுரைக்குப் போன நாளில் பேச்சி முழுசாக உள்ளே போயிருந்தாள். கற்பகவல்லிதான் சேலை கட்டிவிட்டாள். உக்கிரபாண்டி இரண்டு வருஷத்து மாத்திரைச் சீட்டுகளை மஞ்சள் பையில் அடைத்துக்கொண்டு, பஸ்ஸில் அவள் காதோடு பேசிக்கொண்டே வந்தான். கேட்கும் என்று சொல்லியிருந்தாளே. "இன்னைக்கு ஊசி போட்டுருவாக பேச்சி. நாளைக்குக் காலையில நீ என்னைய நல்லா வையலாம்" என்றான். அவள் கண் ஜன்னலை விட்டு அசையவில்லை. ஆனால் அவள் விரல் அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

பெரிய டாக்டருக்குத் தமிழ் நன்றாகத்தான் தெரியும். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், மதுரைக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. நோயாளியோடு தனியாகத்தான் பேச வேண்டும் என்று உக்கிரபாண்டியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார். அவன் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்து அவனைக் கூப்பிட்டார்கள். டாக்டர் முகம் சிவந்திருந்தது.

"நீங்கதான் மருந்தை நிறுத்தச் சொன்னீங்களா?"

"நானா ஐயா?"

"ரெண்டு வருஷமா மருந்து எடுக்கலைங்கறாங்க. கை நடுங்குச்சு, தலை சுத்துச்சுன்னு நிறுத்தியிருக்கீங்க. இதெல்லாம் ஆரம்பத்துல எல்லாருக்கும் வர்றதுதான். டாக்டரைக் கேக்காம நீங்களா எப்படி நிறுத்தலாம்?"

உக்கிரபாண்டி பையைத் தூக்கிக் காட்டி, "சீட்டு இருக்கு ஐயா, அம்புட்டும் வாங்கிக் குடுத்தேன், நாக்குக்கு அடியில..." என்று ஏதோ தொடங்கினான்.

"சீட்டு எழுதித் தருவாங்க. சாப்பிட்டாத்தானே? அவங்க வாயாலேயே சொல்றாங்க. இப்படித்தான் மாசம் பத்துப் பேர் வர்றீங்க. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டும் கேக்காதவங்களுக்குத்தான் இந்த ஊசி. ஆறு மாசம் முதல்ல இருந்து ஆரம்பிங்க. பிறகு பார்க்கலாம்."

இந்த இடத்தில் பேச்சியாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பாள். போன பிறவியில் செய்த பாவம் வரைக்கும் அந்த டாக்டருக்கு எடுத்துச் சொல்லியிருப்பாள். உக்கிரபாண்டி, "இல்லீங்க ஐயா" என்று இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவைக்குள் அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார்.

திருமங்கலம் தாண்டிய பிறகுதான் அவனுக்குக் கேட்கவே வாய் வந்தது. "நீ என்ன பேச்சி சொன்ன?"

பஸ் ரொம்ப தூரம் ஓடியது. அவன் விடாமல் கேட்டான். மூட்டை தூக்குகிற மாதிரிதான் ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"மருந்தை எப்பவாச்சும் நிறுத்துனியான்னு கேட்டாரு."

"ம்."

"ரெண்டு வருசமாச்சுன்னேன்."

"ம்."

"எதுக்குன்னாரு. கை நடுங்குச்சு, தலை சுத்துச்சுன்னேன். யாரு நிறுத்தச் சொன்னதுன்னாரு. அவுகதான் வேண்டாம்னாகன்னேன்."

உக்கிரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். புஸ்வாண மருந்து. அவுக என்றது போர்மேனை. ஆனால் ஒரு பொம்பளை அவுக என்றால் உலகத்துக்கே அது புருஷன்தான். அவள் ஒரு பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு, பேசவே முடியாத நிலையிலும், உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். சிவகாசியில் எந்தச் சின்னப்பிள்ளைக்கும் புரிகிற பதில். அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் அவளை இறக்கி உட்காரவைத்துவிட்டு, எஸ்.டி.டி. பூத்திலிருந்து காளீஸ்வரன் டாக்டருக்குப் போன் போட்டான். முதல் தடவையாகக் கோர்வையாகப் பேசினான். பட்டாசு மருந்து, மாத்திரை, போர்மேன், அவுக, எல்லாவற்றையும் சொன்னான். டாக்டர் அந்தப் பக்கம் "அடப்பாவமே" என்றார். பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பூத்துக்காரரின் நம்பருக்கே திரும்பக் கூப்பிட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

"அவர் நம்ப மாட்டேங்கறார். புருஷன் சொல்லிக் கொடுத்து மாத்திச் சொல்றாங்கன்னு நினைக்கிறார். நோயாளி சொன்னதுக்கு மாறா எழுதினா அவருடைய ஆராய்ச்சியே தப்பாயிடும்ங்கறார். அவர் பக்கத்துலயும் நியாயம் இருக்கு. ஆறு மாசம் எப்படியாவது ஓட்டுங்க. நான் மறுபடியும் சொல்றேன்."

"ஆறு மாசம் இருப்பாளா ஐயா?" என்று கேட்டான்.

டாக்டர் பதில் சொல்வதற்கு முன் லைன் போய்விட்டது. போனதா, வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை.

மறுபடியும் முதலிலிருந்து மாத்திரை. அவள் ஏற்கெனவே தின்று சலித்த அதே மாத்திரைகளில் ஒன்று. மறுபடியும் "ஆ காட்டு பேச்சி." தீபாவளி சீசன் வந்தது, வேன்கள் விடியுமுன்னே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போயின. காலண்டர் கம்பெனியிலும் ஆர்டர் குவிந்துகிடந்தது. அவன் வேலை முடிந்து வந்து அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவான். பேசத் தெரியாத மனுஷன், கேட்கும் என்று அவள் சொன்ன ஒரே நம்பிக்கையில், தகரம் வெட்டி விரல் கிழிந்தது, ரேஷன் கடையில் புது ஆள் வந்திருப்பது, இருளம்மாள் வீட்டுக் கோழி முட்டையை அடைகாக்காமல் கொத்தித் தின்பது என்று ஒன்று விடாமல் சொல்லுவான். போர்மேன் மாதிரி ஒருநாள் நடந்துகூடக் காட்டினான். கேவலமாக இருந்தது. அவள் திரும்பவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் கற்பகவல்லி அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனாள். உக்கிரபாண்டி அப்போதுதான் வந்து வாசலில் சைக்கிளை நிறுத்தினான். பேச்சி தானாக எழுந்து நடந்து வந்தாள். அவள் எழுந்து வந்ததைப் பார்த்து அவனுக்கு ஒரு நொடி சந்தோஷமே வந்துவிட்டது.

அவள் இடது முன்கையை அவனிடம் நீட்டினாள். மணிக்கட்டுக்கு மேலே தோல் சிவந்து பொங்கியிருந்தது. அடுப்பிலிருந்த பானையில் வைத்து அழுத்தியிருக்கிறாள்.

"ஊசி" என்றாள்.

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு, கேட்காமலே அவளாகச் சொன்ன முதல் சொல்.

அவன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான், வாசலிலேயே, தெரு பார்க்க. பிறகு சைக்கிளில் உட்காரவைத்து அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனான். மயக்க டாக்டர் வருகிற நாள் இல்லை. மூக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற அதே நர்ஸ்தான் இருந்தார். அடையாளம் தெரிந்து அன்பாக உட்காரவைத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, களிம்பு தடவினார்.

"மறுபடியும் கஞ்சியாம்மா? பார்த்து வடிக்கக் கூடாதா? சின்னப் புண்ணுதான், பயப்படாதீங்க. ஊசியெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நாலு நாள்ல ஆறிடும்."

பேச்சி நர்ஸைப் பார்க்கவில்லை. திரும்பி அவனைப் பார்த்தாள். வாழ்க்கை முழுக்க அவனுக்கும் சேர்த்துப் பேசியவள், இந்த ஒரு தடவை தனக்காக அவன் பேசட்டும் என்று பார்த்தாள். கண் நிறைய அவ்வளவும் இருந்தது. உக்கிரபாண்டி வாயைத் திறந்தான். புண் ஆறக் கூடாது என்று எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது, சொன்னால் யாருக்குப் புரியும்?

"சரிங்க சிஸ்டர்" என்றான்.